சோலைவரிச் சீட்டும் சூரியக் கூரையும்

திருகோணமலையில் வாடைமழை ஓய்ந்து வெயில் முகம் காட்டும் தை மாதத்தில் சோலைவரி கட்டும் வரிசையும் நீளத் தொடங்கிவிடும். ஆண்டு வரி முழுவதையும் ஜனவரி 31ஆம் திகதிக்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டுக் கணக்கில், அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 வீதம். அந்தப் பத்து வீதத்துக்காகவே ஓய்வூதியக்காரர் சிலர் பழைய பற்றுச்சீட்டைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு காலையிலேயே வந்து நிற்பார்கள். சுற்றிவர மதிலும் சீமெந்துத் தரையுமாய், ஒரு முருங்கைக்குக்கூட இடமில்லாத வீட்டுக்கும் ஊர்வாயில் பெயர் சோலைவரிதான். சட்டத்தில் அது ஆதனவரி.

அந்த வரிசைக்கு இப்போது புதிதாக ஒரு கேள்வி வந்திருக்கிறது. “கூரையில சோலர் போட்டிருக்கிறம். இனி வரி கூடுமோ, குறையுமோ?” கேட்பவர் இரண்டுக்கும் ஆயத்தமாகத்தான் கேட்கிறார். கூடும் என்றால் சண்டை பிடிக்கலாம், குறையும் என்றால் விண்ணப்பம் எழுதலாம். கருமபீடத்துக்கு அப்பால் இருப்பவரிடமோ இரண்டுக்கும் பதில் இல்லை. அவர் கையில் இருப்பது வரியிலக்கமும் ஆண்டுப் பெறுமதியும்தான்.

இந்த உரை அந்தக் கேள்வியைச் சுற்றியது. சூரியன், காற்று போன்றவற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் தொகுதிகளுக்கு ஆதனவரி விலக்குக் கொடுப்பது உலகின் பல நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது. இலங்கையில் இருப்பது விலக்கு அல்ல, மௌனம். அந்த மௌனத்தால் வீட்டுக்காரருக்குப் பெரிய நட்டமில்லை. நட்டம் வேறு இடத்தில், கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் சட்டத்தையும் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

இலங்கையின் உள்ளூராட்சி வரிக்கு அத்திவாரம் போட்டவர்கள் ஆங்கிலேயர். நகரசபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், மாநகரசபைகளுக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். மூன்றிலும் ஆதனவரியின் அச்சாணி ‘ஆண்டுப் பெறுமதி’ என்ற சொல். ஒரு வீட்டையோ கடையையோ வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு நியாயமாக எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று அரச விலைமதிப்பீட்டாளர் ஒரு தொகையைக் குறிப்பார். அந்தத் தொகையில் இத்தனை வீதம் என்று சபை வரி விதிக்கும். உரிமையாளரே குடியிருந்தாலும் கணக்கு மாறாது. கட்ட எவ்வளவு செலவானது, வீட்டுக்காரரின் சம்பளம் என்ன என்பதெல்லாம் இங்கே எடுபடாது. வாடகைக்கு வருகிற ஒரு கற்பனை மனிதன், அவன் கொடுக்கச் சம்மதிக்கும் ஒரு கற்பனைத் தொகை. அவ்வளவுதான்.

சிலிக்கன் சூரியக் கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம் உலகுக்குக் காட்டியது 1954இல். 1939இலும் 1947இலும் சட்டம் எழுதியவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாததற்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது. 1987இல்கூட சாதாரண வீட்டில் சோலர் என்றால் கல்குலேட்டரின் நெற்றியில் இருந்த சின்னக் கறுப்புப் பட்டைதான். வழிபாட்டுக்கு மட்டும் பயன்படும் கட்டடங்களுக்குச் சட்டம் விலக்குக் கொடுத்தது. கூரையில் மின்சாரம் விளையும் ஒரு காலம் வரும் என்று அது நினைத்துப் பார்க்கவில்லை.

சரி, மதிப்பீட்டாளர் கண்டிப்பானவர், கூரையையும் கணக்கில் எடுக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு கூடும்? ஒரு வீட்டின் ஆண்டுப் பெறுமதி 60,000 ரூபா, வரி 10 வீதம் என்று ஓர் எடுத்துக்காட்டு. ஆண்டுக்கு 6,000 ரூபா, காலாண்டுக்கு 1,500. கூரையில் 5 கிலோவாட் தொகுதி, அதாவது ஏறக்குறைய 12 பனல். நல்ல வெயில் விழும் இடத்தில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரி 4 அலகு தரும் என்றால் மாதம் 600 அலகு. இந்த வீட்டுக்கு வாடகைக்கு வருபவர், கரண்ட் பில் குறையும் என்பதற்காக வாடகையில் பத்து வீதம் கூட்டிக் கொடுப்பார் என்று மதிப்பீட்டாளர் முடிவு செய்தால் ஆண்டுப் பெறுமதி 66,000 ஆகும். வரி 6,600. ஆண்டுக்குக் கூடியது 600 ரூபா, மாதத்துக்கு 50. ஒரு பிளேன்ரீக் காசு.

ஆகவே விலக்குக் கொடுத்தால் ஊரெல்லாம் பனல் ஏறிவிடும் என்று யாராவது மேடையில் பேசினால் அவர் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று அர்த்தம். மாதம் ஐம்பது ரூபா மிச்சத்துக்காக யாரும் பல இலட்சம் ரூபா கடன் வாங்கமாட்டார்கள். வீட்டுக் கூரைக்கு விலக்கின் பயன் பணத்தில் இல்லை, நிச்சயத்தில் இருக்கிறது. மின்சார சபையோடு செய்யும் ஒப்பந்தம் 20 ஆண்டுக்கானது. அந்த 20 ஆண்டில் எத்தனை மதிப்பீடு வரும், எந்த மதிப்பீட்டாளர் எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்று தெரியாமல் போடுகிற காசு அது. கடைக்கும் விடுதிக்கும் நிலைமை வேறு. நிலாவெளிப் பக்கத்து உல்லாச விடுதி ஒன்றோ, ஐஸ் தொழிற்சாலை ஒன்றோ கூரை முழுவதும் பனல் பரப்பினால் 100 கிலோவாட்டைத் தாண்டிவிடும். அங்கே மதிப்பீட்டாளரின் பென்சில் இன்னும் கூராகும்.

இது வெறும் பயம் இல்லை என்பதற்கு, இந்தச் சட்டங்களின் தாய்நாடான இங்கிலாந்தே சாட்சி. அங்கே வீடுகளுக்கு ஒரு வரி, வணிக இடங்களுக்கு வேறு வரி. வணிக இடங்களுக்கான வரி இன்றும் உத்தேச வாடகையின் அடிப்படையில்தான். எந்த இயந்திரம் கட்டடத்தோடு சேர்த்து மதிப்பிடப்படும், எது சேராது என்று தனி ஒழுங்குவிதியே உண்டு. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் மறுமதிப்பீடு நடைமுறைக்கு வந்தபோது, தன் கூரையில் மின்சாரம் எடுத்துத் தானே பயன்படுத்திய கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் அடி விழுந்தது. சூரியமின் பாகத்துக்கான வரி ஆறு முதல் எட்டு மடங்கு உயரும் என்று அந்நாட்டுச் சூரியமின் தொழில் சங்கம் கூக்குரலிட்டது. அதிலும் ஒரு வேடிக்கை. தரும நிறுவனமாகப் பதிந்திருந்த தனியார் பள்ளிகளுக்கு ஏற்கெனவே வரிச்சலுகை இருந்ததால் அடி பெரிதாகத் தெரியவில்லை. அரசாங்கப் பள்ளியின் கூரைக்கு அந்தச் சலுகை கிடையாது. பிள்ளைகள் இரண்டு கூரையின் கீழும் ஒரே வெயிலில்தான் படித்தார்கள்.

பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 2022 ஏப்ரல் 1 முதல் 2035 மார்ச் 31 வரை, சொந்த இடத்தில் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் எடுக்கும் கருவிகளையும் அதைச் சேமிக்கும் பற்றரிகளையும் மதிப்பீட்டில் சேர்க்கக்கூடாது என்று இங்கிலாந்து எழுதிவைத்தது. இதில் கவனிக்க இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, முடிவுத் திகதி. மற்றது, ‘சொந்த இடத்தில்’ என்ற சொல். வயலை வளைத்து மின்சாரம் விற்பனை செய்யும் பெரிய பூங்காவுக்கு அந்த விலக்கு நோக்கப்படவில்லை. ஆங்கிலேயரிடமிருந்து வாடகைக் கணக்கை வாங்கிய இலங்கை, அவர்கள் பின்னாளில் அதற்குப் போட்ட ஒட்டை வாங்கவில்லை.

கலிபோர்னியா வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. 1978இல் அங்கே மக்கள் வாக்களித்து ஆதனவரிக்கு ஒரு பூட்டுப் போட்டார்கள். வீடு கைமாறினாலோ புதிதாக ஏதாவது கட்டினாலோ தவிர மதிப்பை மறுபடி எடுக்கக்கூடாது. பூட்டுப் போட்ட கையோடு ஒரு சிக்கல் வந்தது. கூரையில் சூரியத் தொகுதி ஏற்றினால் அது ‘புதிய கட்டுமானம்’ ஆகுமா? ஆகாது என்று சொல்வதற்குச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்க 1980 நவம்பரில் இன்னொரு வாக்கெடுப்பே வைத்தார்கள். அந்த விலக்கு பலமுறை நீட்டப்பட்டுக் கடைசியாக 2026ஆம் ஆண்டு முடிவுவரை வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் கூரையையும் பாலைவனத்தையும் பிரிக்கவில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கரில் பெரிய கம்பனிகள் அமைத்த மின்நிலையங்களுக்கும் அதே விலக்கு. வெயில் அதிகமான கேர்ன் என்ற மாவட்டத்து நிர்வாகம் ஆண்டுக்கணக்காக முறைப்பாடு சொல்லிவருகிறது: நிலம் எங்களுடையது, தீயணைப்பு வண்டி எங்களுடையது, தெரு எங்களுடையது, வரி மட்டும் இல்லை.

நியூயோர்க் மாநிலம் இந்த இடத்தில் கொஞ்சம் சாமர்த்தியம் காட்டியது. அங்கே ஆதனவரிச் சட்டத்தின் 487ஆம் பிரிவு சூரிய, காற்றுத் தொகுதிகளால் கூடும் மதிப்புக்கு 15 ஆண்டு விலக்குத் தருகிறது. அதே பிரிவில் உள்ளூர்ச் சபைக்கும் பள்ளி மாவட்டத்துக்கும் இரண்டு சாவி கொடுத்திருக்கிறது. வேண்டாமென்றால் விலக்கிலிருந்து வெளியேறலாம். அல்லது விலக்கைக் கொடுத்துவிட்டு, ‘வரிக்குப் பதிலான கொடுப்பனவு’ என்று ஆண்டுதோறும் ஒரு தொகைக்கு உரிமையாளரோடு ஒப்பந்தம் செய்யலாம். அந்தச் சொல்லைத் திருகோணமலை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இது பெரும்பாலும் மாநகராட்சிகளின் கைங்கரியம். நாக்பூர், அமராவதி, தானே, துர்க்காபூர் மாநகராட்சிகள் சூரிய வெந்நீர்க் கருவி வைத்த வீடுகளுக்குச் சொத்துவரியில் 6 முதல் 10 வீதம்வரை தள்ளுபடி கொடுத்தன. புனேயில் சூரியக் கருவி, மழைநீர் சேகரிப்பு, மண்புழு உரம் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் 5 வீதம், இரண்டோ கூடவோ இருந்தால் 10 வீதம். மண்புழுவுக்கும் வரித்தள்ளுபடி கொடுத்த ஊர் என்று அதைச் சொல்லலாம். இதற்கு மறுபக்கமும் அங்கேயே உண்டு. கூரைமேல் நிற்கும் கைப்பேசிக் கோபுரமும் ஒரு ‘கட்டடம்’தான், அதற்குச் சொத்துவரி கேட்கலாம் என்று குஜராத் வழக்கொன்றில் இந்திய உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கோபுரம் கட்டடமானால் பனலைத் தாங்கும் இரும்புச் சட்டம் என்ன என்று ஒரு கெட்டிக்கார வரி அதிகாரி கேட்க எவ்வளவு நேரம்? சட்டம் மௌனமாக இருந்தால் இந்தக் கேள்விக்கு விடை சொல்லப்போவது நீதிமன்றம். அதற்குப் போகிற செலவு பனலின் விலையைத் தாண்டும்.

திருகோணமலைக் கூரைகளுக்கு இனி வரலாம். கச்சான் அடிக்கும் மாதங்களில் இந்த ஊர் வெயிலைப் பற்றி யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. பிரட்றிக் கோட்டை வாசலில் மான்கள்கூட நிழல் தேடி ஆட்டோவுக்கு அடியில் தலை நுழைக்கும். அந்த வெயிலைக் காசாக்கும் வழி பெரிதாகத் திறந்தது 2016 செப்டம்பரில், ‘சூரிய பல சங்கிராமய’ என்ற திட்டத்தோடு. பாவித்தது போக மிஞ்சும் ஒவ்வோர் அலகுக்கும் முதல் ஏழு ஆண்டுக்கு 22 ரூபா, அடுத்த பதின்மூன்று ஆண்டுக்கு 15 ரூபா 50 சதம். 2020க்குள் 200 மெகாவாட், 2025க்குள் 1,000 மெகாவாட் என்று இலக்கு. அந்த ஆயிரம் எட்டப்பட்டுத் தாண்டப்பட்டும் விட்டது. அதைத் தாண்டவைத்தது திட்டம் மட்டும் அல்ல. 2022 மார்ச், ஏப்ரலில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் இல்லாமல் வியர்த்துக்கிடந்த இரவுகளும், அந்த ஆண்டு ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் ஏறிய கட்டணமும்தான் பலரைக் கூரைக்கு ஏற்றின.

ஏறியவர்களுக்கு வரியைவிடப் பெரிய தலையிடி வேறு இருந்தது. 2017இல் இணைந்தவருக்கு ஏழாண்டு முடிந்து விலை 15.50க்கு இறங்கிய நேரத்தில், 2022 நெருக்கடிக்குப் பின் இணைந்த பக்கத்து வீட்டுக்காரர் 37 ரூபா வாங்கிக்கொண்டிருந்தார். 2025இல் புதிதாக வந்தவருக்கு, 5 கிலோவாட்டுக்கு உட்பட்ட தொகுதி என்றால் 20 ரூபா 90 சதம். ஒரே ஒழுங்கையில் மூன்று விலை. 600 அலகு என்ற அந்தப் பழைய கணக்கில் பார்த்தால் முதலாமவருக்கு மாதம் 9,300, இரண்டாமவருக்கு 22,200, மூன்றாமவருக்கு 12,540. வெயில் மூவருக்கும் ஒன்று. வாடகை மதிப்பு என்று வந்தால் மதிப்பீட்டாளர் எந்த விலையைப் பிடிப்பார்?

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுவதும் இருண்டது. உலகம் குரங்கைப் பார்த்துச் சிரித்தது. மின் பொறியியலாளர்கள் சொன்னது சிரிப்பதற்கில்லை. ஞாயிறு பகல், தேவை குறைவு, சூரிய மின்சாரமோ உச்சம். கனமான சுழலிகள் குறைவாக ஓடும்போது ஒரு சிறு அதிர்வைக்கூடக் கட்டமைப்பால் தாங்க முடியாமல் போகிறது. அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக் காலம் முழுவதும் பிற்பகல் 3 மணிவரை கூரைத் தொகுதிகளை அணைத்துவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன் வாங்கிப் பனல் போட்டவர் சித்திரை வெயிலில் முற்றத்தில் நின்று, தன் கையாலேயே இன்வேர்ட்டரை நிறுத்தினார். சோலைவரி விலக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தக் கையை மறந்துவிடக்கூடாது. புதிதாக எழுதும் எந்த விலக்கும் பனலை மட்டும் பார்த்தால் பாதி வேலைதான். பகல் மின்சாரத்தை இரவுக்கு ஒதுக்கிவைக்கும் பற்றரியை அது கட்டாயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கிலாந்து சொன்னது.

கோயில்களின் கதை இன்னும் சுவையானது. இந்தியாவின் 170 இலட்சம் அமெரிக்க டொலர் நன்கொடையில், இலங்கையின் 25 மாவட்டங்களிலும் 5,000 வழிபாட்டுத் தலங்களின் கூரைகளுக்குச் சூரியத் தொகுதி. மொத்தம் 25 மெகாவாட். தலத்துக்கு 5 கிலோவாட் என்று வருகிறது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் அதைத் தொடக்கிவைத்தார்கள். கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் நான்கும் ஒரே பார்வை தூரத்தில் நிற்கும் திருகோணமலை போன்ற ஊருக்கு இது பொருத்தமான காட்சிதான். இந்தத் தலங்களுக்கு ஆதனவரி ஏற்கெனவே இல்லை. வழிபாட்டுக்கு மட்டும் என்பதுதான் விலக்கின் நிபந்தனை. கூரையின் மின்சாரம் மூலத்தான விளக்கை எரித்தால் அது வழிபாடு. மிஞ்சியதை விற்றால்? சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டால் இரண்டு பக்கமும் வாதிடுவார். இதை யாரும் கிளறமாட்டார்கள் என்பது உறுதி. கிளறவும் வேண்டாம். ஆனால் வரி கட்டாத கூரைக்கு இலவசமாகப் பனலும், வரி கட்டுகிற கூரைக்குச் சந்தேகமும் என்ற நிலை, வரிசையில் நிற்பவருக்குக் கொஞ்சம் உறுத்தும்.

இனித் துறைமுகத்தின் பெரிய நிலங்கள். இந்தத் துறைமுகத்தில் சக்தி என்றால் எப்போதும் பெரிய கையெழுத்துகளின் காரியம். சீனக்குடாக் காட்டுக்குள் ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர். 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானத் தாக்குதலில் எரிந்த ஒரு குதத்தின் இரும்பு, உருகி மடிந்த கோலத்தில் பற்றைக்குள் கிடந்தது. 2022 ஜனவரியில் இந்தியாவோடு செய்த உடன்படிக்கையில் அந்த 99உம் 14, 24, 61 என்று பங்கிடப்பட்டன. பதினான்கு இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசிக்கு, இருபத்து நான்கு பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி அறுபத்தொன்று இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு. 2025 ஏப்ரல் 5இல் இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்து, திருகோணமலையை ஒரு சக்தி மையமாக்கும் முத்தரப்பு உடன்பாடு. இத்தகைய மேசைகளில் நாடுகளும் கூட்டுத்தாபனங்களும் அமரும். பக்கத்துத் தெருவுக்கு விளக்குப் போடுகிற, குப்பை அள்ளுகிற சபைக்கு நாற்காலி கிடையாது.

கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே சம்பூர். உள்நாட்டுப் போரில், 2006 ஏப்ரலில் தொடங்கிய தாக்குதல்களில் ஊர் முழுதாக இடம்பெயர்ந்தது. கிளிவெட்டி போன்ற இடங்களில் முகாம் வாழ்க்கை. விட்டுப்போன நிலத்தில் ஒரு பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று, ஒரு பகுதி கைத்தொழில் வலயத்துக்கென எடுக்கப்பட்டது. இந்தியாவின் அரச மின் நிறுவனமான என்ரீபீசியும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 2011இல் திருகோணமலை பவர் கம்பனி என்ற கூட்டு நிறுவனத்தை அமைத்தன. நோக்கம் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம். 2015 ஓகஸ்டில் 818 ஏக்கர் மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2016 செப்டம்பரில் நிலக்கரித் திட்டத்தைக் கைவிடுவதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்துக்குச் சொன்னது. ஒன்பது ஆண்டு கழித்து, அதே கூட்டு நிறுவனம், அதே சம்பூர், நிலக்கரிக்குப் பதில் சூரியன். முதற்கட்டம் 50, இரண்டாம் கட்டம் 70, மொத்தம் 120 மெகாவாட். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் என்பது உலகப் பொதுக்கணக்கு. 120க்கு அது 500 ஏக்கரைத் தொடும்.

புகைபோக்கி வரவில்லை என்பதில் ஊருக்கு நிம்மதிதான். அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் உள்ளூராட்சி வரிக் கண்ணால் பார்த்தால் சம்பூர் ஒரு விசித்திரமான நிலம். பிரதேச சபைச் சட்டத்தில் ஆதனவரி, அபிவிருத்தியடைந்ததாகப் பிரகடனம் செய்த பகுதிகளுக்குரியது. அதற்கு வெளியே பயிர் நிலத்துக்கு ஏக்கர்வரி. சூரியப் பூங்கா இரண்டில் எது? வீடு இல்லை, கடை இல்லை, ஆள் நடமாட்டமும் குறைவு. விளைவது நெல்லும் இல்லை, தென்னையும் இல்லை. கண்ணாடித் தோட்டம் என்று ஒரு வரி இனத்தை 1987இல் யாரும் எழுதவில்லை. ஆக, வீட்டுக் கூரைக்கு மாதம் 50 ரூபாச் சந்தேகத்தைத் தரும் அதே மௌனம், இங்கே நூற்றுக்கணக்கான ஏக்கருக்குப் பேசாமலே விலக்குக் கொடுத்துவிடக்கூடும். கேர்ன் மாவட்டம் பட்ட பாட்டை மூதூர் பிரதேச சபை கலிபோர்னியாவின் பணம் இல்லாமலே படவேண்டிவரும்.

ஆட்சேபம் ஒன்று உடனே வரும். மின்நிலையத்துக்கு வரி போட்டால் அலகு விலை ஏறும், ஏறினால் நாடே கட்டவேண்டும் என்று. உண்மைதான். ஏறட்டும். நாடு முழுவதும் எரிக்கிற மின்சாரத்துக்கு ஓர் ஊர் நிலம் கொடுத்தால், அந்த ஊரின் வாய்க்காலுக்கும் வாசிகசாலைக்கும் நாடு முழுவதும் சேர்ந்து அலகுக்குச் சில சதம் கொடுப்பது அநியாயம் ஆகாது. மன்னாரில் 30 காற்றாலைகளோடு 103.5 மெகாவாட் ‘தம்பபவனி’ எழுந்த பிறகு, புதிய காற்றாலைகள் வேண்டாம் என்று மக்கள் தெருவுக்கு வந்ததன் பின்னால் பறவையும் வெள்ளமும் மட்டும் இல்லை. எங்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வியும் இருந்தது. நியூயோர்க்கின் ‘வரிக்குப் பதிலான கொடுப்பனவு’ இங்கே கைகொடுக்கும். மெகாவாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகை, ஒப்பந்தக் காலம் முழுவதும், நேரே பிரதேச சபைக் கணக்குக்கு. மதிப்பீட்டாளர் பனலை எண்ணிக்கொண்டு வெயிலில் நிற்கவும் தேவையில்லை.

மௌனத்தைக் கலைக்க இன்னொரு அவசரமும் உண்டு. 2023 மார்ச்சில் தொடங்கிய சர்வதேச நாணய நிதியத் திட்டத்தின்கீழ், நாடு தழுவிய சொத்துவரி ஒன்று பேசப்பட்டது. 2024 ஜூனில் வெளியான நிதிய அறிக்கையில் அது ‘உத்தேச வாடகை வருமான வரி’ என்ற வடிவில், 2025 ஏப்ரல் 1 முதல் என்று இருந்தது. ஆட்சி மாறியது, அந்தத் திகதியில் வரி வரவில்லை. ஆனால் வீடுகளின் விற்பனை விலையையும் வாடகையையும் கணினியில் ஏற்றும் பதிவேடு ஒன்றின் பேச்சு அந்தத் திட்டத்தோடு வந்தது. வாடகைக்கு விடாத வீட்டுக்கு ஒரு கற்பனை வாடகை, அதற்கு வரி என்ற யோசனை சோலைவரி கட்டிப் பழகிய ஊருக்குப் புதிது அல்ல. புதிது என்னவென்றால், இதுவரை தூங்கிக்கிடந்த பழைய மதிப்பீடுகள் விழித்துக்கொள்ளும். பல சபைகளில் ஆண்டுப் பெறுமதி காலாவதியான தொகையாக இருப்பதால்தான் கூரைப் பனலை யாரும் கவனிக்கவில்லை. பதிவேடு கணினிக்குப் போகிற நாளில் வானத்திலிருந்து எடுத்த படத்தில் நீலச் சதுரங்கள் பளிச்சென்று தெரியும்.

எழுதவேண்டியது நீண்ட சட்டம் அல்ல. தன் பாவனைக்காகக் கூரையிலோ வளவிலோ வைக்கும் சூரிய, காற்றுத் தொகுதியையும் அதன் பற்றரியையும் ஆண்டுப் பெறுமதியில் சேர்க்கக்கூடாது என்று ஒரு வாக்கியம். தரையில் பரப்பி விற்பனைக்கு ஓட்டும் நிலையங்களுக்குச் சபையோடு கொடுப்பனவு ஒப்பந்தம் கட்டாயம் என்று இன்னொன்று. முதல் வாக்கியத்துக்கு ஒரு முடிவுத் திகதியும் வேண்டும். முடிவில்லாத விலக்கு நாளடைவில் யாருக்காகக் கொடுத்தது என்று தெரியாமல் போகும். 15 ஆண்டு என்ற நியூயோர்க்கின் காலம் இங்கே மிகையாகவும் படாது, குறைவாகவும் படாது. அதற்குக் காரணம் சட்டப்புத்தகத்தில் இல்லை, டச்சு விரிகுடாப் பக்கத்து வீடுகளின் கூரையில் இருக்கிறது.

அங்கே பனலைக் கழுவுவது விடியற்காலையில். வெயில் ஏறிச் சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்ற பயம் ஒன்று, ஏணியில் நிற்கக் கால் சுடும் என்பது மற்றொன்று. கிணற்றுத் தண்ணீர் சவர் என்றால் குழாய்த் தண்ணீர்தான் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் காய்ந்ததும் வெள்ளைப் பூப்பூக்கும். கடற்காற்றில் வந்த உப்பு விரலால் தடவினால் பிசுபிசுக்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். அலுமினியச் சட்டம் தாக்குப்பிடிக்கிறது. அதை ஓட்டோடு பிணைக்கும் ஆணிகளில் துரு இறங்கி, கீழே சுவரில் காவி நிறக் கோடாய் வழிந்திருக்கிறது. இன்வேர்ட்டரைப் பத்து ஆண்டளவில் ஒருமுறை மாற்றவேண்டிவரும். சட்டத்தில் அந்த வாக்கியம் எழுதப்படும்வரை, அடுத்த மதிப்பீட்டுக்கு வருகிற உத்தியோகத்தர் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பார். பன்னிரண்டு பனலும் அவர் கண்ணில் படும். துருப்பிடித்த ஆணிகளைப் பார்க்க ஏணி வேண்டும்.